நட்சத்திர மீனுக்குச் சேலைன் ஏற்றிய கதை

வாயில்லாச் சீவன்களை விற்கிற கடையில் வாய் கூடிய ஒருத்தியை வேலைக்கு வைக்கக் கூடாது. எங்கள் முதலாளி இதைக் கொஞ்சம் பிந்தித்தான் கண்டுபிடித்தார்.

ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டு, முடிவு வரும்வரை திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு மீன்தொட்டிக் கடையில் நிற்கிறேன். முதலாளி கிண்ணியாக்காரர். ஊருக்கெல்லாம் அவர் நானா. எனக்கு எந்தக் குரலைக் கேட்டாலும் உடனே அதைப் பேசிப் பார்க்க வேண்டும், சின்ன வயதிலிருந்தே உள்ள வியாதி. வாடிக்கையாளர் படியிறங்கி முடிவதற்குள் அவருடைய குரல் என் வாயில் இருக்கும். கவுண்டருக்குப் பின்னால் நின்று சனத்தோடு மாரடிக்கிற என் இனத்தவரே, இது உங்களுக்குத்தான்.

சொப்பிங் பையில் வந்த பிணம்

நான் சேர்ந்த இரண்டாம் கிழமை, இலங்கைத்துறையிலிருந்து ஒரு மீன்பிடிக்கார அண்ணை வந்தார். சொப்பிங் பையை மேசையில் கொட்டினார். விறைத்துப்போன ஒரு நட்சத்திர மீன். "வலையிலை வந்தது நானா, தண்ணி ஒழுகாமல் பத்திரமாக் கொண்டந்தனான்." நானா அதைப் பார்த்த பார்வையைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அவர் சொன்னதைக் கேட்டு அது நின்றுபோனது.

அதற்கு இரத்தம் கிடையாது. உடம்புக்குள் ஓடுவதும் கடல்தண்ணீர்தான். அந்தத் தண்ணீரைத் தள்ளித்தான் நூற்றுக்கணக்கான குழாய்க் கால்களை நீட்டி நடக்கிறது. அதைத் தண்ணீருக்கு வெளியே ஒருபோதும் தூக்கக் கூடாது. தண்ணீருக்குள்ளேயே பாத்திரத்தில் ஏந்த வேண்டும். அண்ணை வெறும் பையை மடித்துக்கொண்டு போனார். அடுத்த கிழமை மூடி போட்ட வாளி நிறையக் கடலோடு வந்தார். உள்ளே செம்மண் நிறத்தில் புள்ளி போட்ட ஒரு மெல்லிய நட்சத்திரம் நடந்துகொண்டிருந்தது. அவர் வாளியை இறக்கிவிட்டுச் சொன்னார்: "நாப்பது வருசமாக் கடலுக்குப் போறன் பிள்ளை. கடலை வயித்துக்குள்ள வைச்சுக்கொண்டு ஒண்டு நடக்குதெண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை."

பெண் கேட்டு வந்தவர்

அந்தச் செம்மண் நட்சத்திரத்தைக் கேட்டு வந்தவர் தபாற்கந்தோரில் வேலை செய்கிற செல்வம் அண்ணை. கூடவே ஏழு வயது மகள் துவி. நானா உடனே கொடுக்கவில்லை. கதிரையை இழுத்துப் போட்டு விசாரணையைத் தொடங்கினார். தொட்டிக்கு எத்தனை வயது? கல்லில் பாசி படிந்திருக்கிறதா? நண்டு இருக்கிறதா? கடிக்கிற பெரிய மீன் இருக்கிறதா?

நட்சத்திரம் கல்லில் படிந்ததை மேய்ந்துதான் வாழும். புதுத் தொட்டிக் கல்லில் ஒன்றும் இருக்காது. பார்க்க அழகாக நடந்து நடந்து பட்டினியில் சாகும். ஒரு வயதாகாத தொட்டிக்கு நானா நட்சத்திரம் கொடுக்கவே மாட்டார். செல்வம் அண்ணையின் தொட்டிக்கு ஒன்றரை வயது, பாசி தாராளம், நண்டு இல்லை. பாஸ். நெற்றியைத் துடைத்துக்கொண்டு அவர் சொன்னார்: "என்ட கலியாணத்துக்குக்கூடப் பொம்பிளை வீட்டார் இவ்வளவு விசாரிக்கேல்லை, நானா."

எந்த வார்ட்?

நட்சத்திரத்தைப் புதுத் தண்ணீரில் சடாரென்று விட ஏலாது. உப்பு கொஞ்சம் மாறினாலும் அதன் உடம்பு தாங்காது. செல்வம் அண்ணை தன் வீட்டுத் தொட்டித் தண்ணீரை ஒரு பிளாஸ்டிக் கானில் கொண்டுவந்திருந்தார். மெல்லிய ரியூப்பில் முடிச்சுப் போட்டு, நோயாளிக்குச் சேலைன் ஏற்றுவதுபோல அந்தத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக நட்சத்திரம் இருந்த வாளிக்குள் விட்டோம். மூன்று மணித்தியாலம். நான் பக்கத்தில் நின்று ஆசுபத்திரி நர்ஸ் குரலில், "சொந்தக்காரர் எல்லாரும் வெளியிலை நில்லுங்கோ!" என்று கத்தினேன்.

துவி வெளியில் நிற்கவில்லை. வாளிக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள். நட்சத்திரம் ஒவ்வொரு பக்கமாக, அவசரமில்லாமல், கையால் தடவித் தடவிப் போனது. "வகுப்பிலை கொப்பி பாத்துக்கொண்டு வாற மிஸ் மாதிரி" என்றாள். அன்றிலிருந்து அதற்கு மிஸ் என்று பேர். நானும் குனிந்து பார்த்தேன். ஒவ்வொரு கையின் நுனியிலும் பொட்டுப்போல ஒரு கண் இருக்கிறதாம். ஐந்து கண்ணால் எங்களைப் பார்த்தது என்னவென்று யோசித்ததோ! கப்பி மீனுக்குச் சாப்பாடு வாங்க வந்த ஒரு அன்ரி எட்டிப் பார்த்துக் கேட்டார்: "ஐயோ, ஆருக்கு மோனை சேலைன்? எந்த வார்ட்டிலை விட்டிருக்கு?"

நானா பேசுகிறேன்

பிறகு மாரி வந்தது. நாலு நாளாக விடாத மழை. வெள்ளிக்கிழமை, நானா ஜும்ஆத் தொழுகைக்குப் போய்விட்டார். கடைப் போன் அடித்தது. எடுத்து ஹலோ சொல்ல முதலே செல்வம் அண்ணை தொடங்கிவிட்டார். "நானா, தண்ணி மாத்த நாளாச்சு. கடைக்கு வந்து கடல்தண்ணிக் கான் தூக்க ஏலாத மழை. வீட்டுக்குப் பக்கத்திலை, துறைமுகத்திலை நாலு வாளி அள்ளட்டோ?"

என்னை நானா என்று நினைத்துவிட்டார்! சும்மா விடுவேனா? தொண்டையைச் செருமி, நானா வெயில் காலத்தில் எல்லோருக்கும் சொல்கிற வசனத்தை அப்படியே இழுத்துச் சொன்னேன்: "கடல் நம்மட வீட்டுக் கிணறுதானே, அள்ளுங்க, அள்ளுங்க!" கடைசியில் அவர் இருமுகிற இருமலைக்கூட விடவில்லை. போனை வைத்துவிட்டு ஒரு சுற்றுச் சுற்றி ஆடினேன். வைக்க முதல் செல்வம் அண்ணை சொன்னது இன்றைக்கும் காதில் நிற்கிறது: "உங்கட குரலைக் கேட்டாத்தான் நானா எனக்கு ஒரு நிம்மதி."

நாக்கில் தெரிந்த ஆறு

அடுத்த நாள் காலை செல்வம் அண்ணை ஒரு போத்தல் தண்ணீரோடு ஓடி வந்தார். "மிஸ் சுருண்டு போய்க் கிடக்குது நானா. துவி அழுதுகொண்டிருக்கிறாள். நீங்கள் சொன்ன மாதிரித்தானே செய்தனான்?" நானா உப்புப் பார்க்கிற கருவியில் ஒரு துளி விட்டுப் பார்த்தார். பிறகு போத்தலை என்னிடம் நீட்டி, "நாக்கில வை" என்றார். வைத்தேன். கடலே இல்லை. ஆறு.

மகாவலி ஆறு துறைமுகத்தை ஒட்டிய கொட்டியாரக் குடாவில் வந்து விழுகிறது. மாரியில் அந்த ஆற்றுத் தண்ணீர் கலக்காமல் கடலுக்கு மேலே ஒரு பாயாக விரிந்து கிடக்கும். கீழே உப்பு, மேலே ஆறு. வாளியால் அள்ளினால் வருவது மேல் பாய். கடலுக்குப் பக்கத்தில் இருக்கிற எங்களால் மட்டும்தான் செய்ய முடிந்த பிழை. நான் ஒவ்வொரு நாளும் பார்க்கிற அந்தத் தண்ணீருக்கு இரண்டு மாடி இருந்ததென்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். போத்தலை மேசையில் வைத்தேன். "போனிலை கதைச்சது நான்தான்" என்றேன். ஏச்சுக்குத் தயாராக நின்றேன். நானா ஏசவில்லை: "குரல் சரி, புள்ள. ஆனா மழைக்குள்ள நான் அப்படிச் சொல்ல மாட்டேன்."

மிஞ்சியது

மூன்று பேரும் செல்வம் அண்ணை வீட்டுக்குப் போனோம். மிஸ்ஸின் நடுவுடம்பு வெள்ளையாகக் கரைந்துகொண்டிருந்தது. நாலு கைகள் தொய்ந்துவிட்டன. ஐந்தாவதைக் காணவில்லை. துவிதான் கண்டாள்: கல்லுக்குப் பின்னால், தானே கழன்றுபோன ஒற்றைக் கை, தனியாக நடந்துகொண்டிருந்தது. தலை இல்லை, வாய் இல்லை, வயிறு இல்லை. நடந்துகொண்டிருந்தது!

நானா கரைந்த உடம்பை மட்டும் எடுத்தார். "இந்த இனத்தில கையில இருந்து முழுசும் முளைக்கிறதும் உண்டு. முளைக்காமப் போறதும் உண்டு" என்றார். நான் துவிக்கு முன்னால் குந்தி, என் சொந்தக் குரலில் நடந்ததைச் சொன்னேன். அந்தக் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அவள் என்னைப் பார்க்கவே இல்லை, தொட்டிக்குள் அந்த ஒற்றைக் கையைத்தான் பார்த்தாள். வெளியே வந்ததும் நானா தீர்ப்புச் சொன்னார்: "அந்தக் கைக்கு வாய் முளைக்கிற வரைக்கும் உனக்கும் வாய் இல்ல."

முதலாம் வகுப்பு

இலங்கைத்துறை அண்ணை வெளிக்கடலில் அள்ளிக் கான் கானாக அனுப்பினார். ஒவ்வொரு கானையும் கருவியில் பார்த்து, வேலை முடிந்து செல்வம் அண்ணை வீட்டுக்குப் போய், சொட்டுச் சொட்டாக ஏற்றினேன். நர்ஸ் குரல் இல்லை. ஒரு குரலும் இல்லை. முதல் கிழமை துவி என்னோடு கதைக்கவில்லை. இரண்டாம் கிழமை ஒரு கதிரை கொண்டுவந்து பக்கத்தில் போட்டாள். கை கழன்ற வெட்டுவாய் மூடியது. பிறகு நாள்கணக்காக ஒன்றுமே இல்லை. கை மெலிந்துகொண்டு போனது. ஒவ்வொரு நாளும், இன்றைக்குச் செத்திருக்கும் என்று நினைத்துத்தான் அவர்கள் வீட்டுக் கேற்றைத் திறப்பேன்.

ஒரு நாள் வெட்டுவாயில் நாலு புள்ளி தெரிந்தது. பிறகு அவை சோற்றுப் பருக்கை அளவில் நாலு கைகள் ஆயின. ஒரு நீளக் கையும் நாலு குட்டிக் கையுமாக, வால்வெள்ளி மாதிரி. நாலாம் மாதம் அது கண்ணாடியில் ஏறியபோது அடிப்பக்கம் தெரிந்தது. நடுவில், குண்டூசித் தலையளவில், புத்தம்புது வாய். செல்வம் அண்ணை மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். நானா "சுப்ஹானல்லாஹ்" என்று மட்டும் சொன்னார். துவி என் கையைப் பிடித்து இழுத்து, காதுக்குள் சொன்னாள்: "மிஸ் திரும்பி வந்திட்டா அக்கா, ஆனா இந்த முறை முதலாம் வகுப்பிலை இருந்து படிச்சு வரோணும்."

வாயே இல்லாத ஒரு கை தனக்கு வாய் முளைக்க நாலு மாதம் பொறுத்திருந்தது. வாயோடு பிறந்த எனக்கு ஒரு போன் பேச்சு முடியும்வரை பொறுக்க ஏலாமல் போனது.