வீரபாகு மாமாவின் புகைப்பெட்டி

என் அக்காவின் கணவர் வீரபாகு பட்டுத்தறி நெய்கிறவர். பிள்ளையார்பாளையத்தில் அவரைத் தெரியாதவர்கள் குறைவு. அவருடைய பீடி நாற்றம் தெரியாதவர்கள் இன்னும் குறைவு. தறியில் உட்கார்ந்து பிடிக்கமாட்டார், அந்த மரியாதை மட்டும் உண்டு. தறிக்குழியிலிருந்து எழுந்து தெருவுக்குப் போய் இழுத்துவிட்டு, வாயைக் கொப்பளித்துக்கொண்டு உள்ளே வருவார். கேட்டால், "பீடியா? அது எப்பவோ வுட்டுட்டேன்பா" என்பார். சொல்லும்போதே குப்பென்று வாடை வரும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவருக்கு ஒரே மகள் ஜீவிதா. வாலாஜாபாத்தில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு வீசிங் தொந்தரவு. பிள்ளை உண்டானதும், புகை இருக்கிற இடத்தில் நிற்கவே கூடாது என்று டாக்டர் கண்டித்துச் சொல்லிவிட்டார். வளைகாப்பு முடிந்தது. வழக்கப்படி தலைப்பிரசவத்துக்கு அவளைப் பிறந்த வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். என் அக்கா கலாவதி வண்டி பேசி வைத்துவிட்டுக் காத்திருந்தாள். ஜீவிதா அத்தனை பேர் நடுவில் சொன்னாள்:

"அப்பா பீடிய வுட்டாத்தாம்மா நான் வருவேன். இல்லன்னா இங்கயே பெத்துக்குறேன்."

"வுட்டுட்டேனேம்மா!" என்றார் மாமா.

அவள் வரவில்லை. பேசி வைத்த வண்டியில் நாங்கள் மட்டும் திரும்பினோம். அக்கா வழி முழுக்க மூக்கைச் சிந்திக்கொண்டே வந்தாள். தெருவில் கேட்பவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்பதுதான் அவள் கவலை. அன்று மாமா முகத்தைப் பார்த்து எனக்கே கஷ்டமாகிவிட்டது, பொய் சொல்வானேன்.

மறுநாள் நான் கடை திறந்த கையோடு மாமா வந்து நின்றார். ரங்கசாமி குளம் பக்கம் எனக்கு ஒரு செல்போன் ரிப்பேர் கடை இருக்கிறது.

"மச்சான், மாப்பிள்ளையோட சிநேகிதன் ஒருத்தன் வளைகாப்புல ஒரு பெட்டிய வச்சி ஊதிக்கினு இருந்தான். நெருப்பு கிடையாது, சாம்பல் கிடையாது, மாம்பழ வாசனை வருது. அவன்கிட்ட கேட்டுட்டேன். ஒரு பேட்டரி, ஒரு சுவிட்சு, சூடாவுற கம்பி, அவ்ளோதான் சமாச்சாரம். நானே கட்டிக்கிறேன். நீ பக்கத்துல இரு."

"கட்டுறதாவது! ரெடியா வர்றத வாங்கித் தொலையேன் மாமா."

"அவன்கிட்ட வாங்கி ஊதிப் பாத்தேன். பீடி புடிக்கிறவனுக்கு அது ஒரு சூடா? எனக்கு வேணும்ன்ற அளவுக்குக் கூட்டிக் கொறைக்கணும். அதுக்கு ஒரு திருகு வைக்கணும்."

இந்த மாதிரி இ-சிகரெட் பெட்டிகளைச் செய்வதும் விற்பதும் இப்போது குற்றம். அப்போது அந்தத் தடை வந்திருக்கவில்லை. நானும் வீட்டில் ஒரு சந்தோஷம் வரட்டுமே என்று ஒத்துக்கொண்டேன். பழைய லேப்டாப் பேட்டரியிலிருந்து கழற்றிய செல், வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கிற சின்ன போர்டு, ரேடியோவில் இருப்பது போல ஒரு திருகு, எல்லாவற்றையும் மேஜைமேல் பரப்பிக் கொடுத்தேன். சூடாகிற கம்பிச் சுருளையும், அதில் பட்டுப் புகையாகிற நிகோடின் திரவத்தையும் மாப்பிள்ளையின் சிநேகிதனிடமே வாங்கி வந்திருந்தார். டப்பாவுக்கு என் அக்காவின் பெருங்காய டப்பாவைக் கொண்டுவந்திருந்தார். என்ன கழுவியும் அதிலிருந்து பெருங்காய வாசனை போகவேயில்லை.

சால்டரிங் அவருக்குக் கொஞ்சமும் வரவில்லை. ஈயம் வைத்த இடமெல்லாம் சுண்டைக்காய் காய்த்த மாதிரி நின்றது, தொட்டால் கழன்று விழுந்தது. மட்டமான ஈயமோ என்று மாற்றிக் கொடுத்தேன். அப்புறம்தான் அவர் செய்வதைக் கவனித்தேன். ஒவ்வொரு கம்பியையும் சேர்க்குமுன் சட்டைப் பையிலிருந்த காகிதப் பொட்டலத்தில் விரலை வைத்து வைத்து எடுக்கிறார். உள்ளே அடுப்புச் சாம்பல்! தறியில் பாவு என்கிற நீளவாட்டு இழைகள் முடிந்து அடுத்த பாவு ஏற்றும்போது, பழைய இழையையும் புது இழையையும் சாம்பல் தொட்டு முறுக்கித்தான் சேர்ப்பார்கள். அதே பழக்கத்தில் செப்புக்கம்பிக்கும் சாம்பல் பூசியிருக்கிறார்.

"அய்யோ மாமா, சாம்பல் இருந்தா ஈயம் எப்படி ஒட்டும்? துடைச்சிட்டு சால்டரிங் பேஸ்ட் தடவு."

"அத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?" என்று என்மேலேயே பாய்ந்தார்.

கையெல்லாம் கொப்புளம். ஆனால் மனிதர் விடவில்லை. ஈயம் நீர் மாதிரி ஓடிக் கம்பியைப் பிடித்துக்கொண்ட அன்று, கடைக்கு வந்தவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். பெட்டியும் வேலை செய்தது. திருகைக் கொஞ்சம் திருப்பினால் மெல்லிய புகை, இன்னும் திருப்பினால் தொண்டையைப் பிடிக்கிற புகை. பீடிக் கட்டைத் தூக்கி எறிந்தார். வாலாஜாபாத் போய், "வேணும்னா சட்டைய மோந்து பாரும்மா" என்று மகள் முன்னால் நின்றார். அவள் நிஜமாகவே மோந்து பார்த்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு கிளம்பி வந்துவிட்டாள். இடுப்பில் வேட்டி மடிப்பில் இருந்த பெட்டியைப் பற்றி அவர் மூச்சு விடவில்லை. அக்காவுக்கும் தெரியாது.

உள்ளே சூடாகிற கம்பிச் சுருள் ஒரு நாள் அறுந்துபோனது. நான் உதிரிபாகம் வாங்கச் சென்னைக்குப் போயிருந்தேன். கடை பூட்டியிருக்கவே, மாமா வீட்டுக்குப் போய்த் தறியில் மிச்சமிருந்த வெள்ளி இழைத்த ஜரிகையை எடுத்திருக்கிறார். நாலைந்து இழையைச் சேர்த்து முறுக்கி, ஊடை நூல் சுற்றுகிற தார்க்குச்சியில் சுற்றிச் சுருளாக்கி உள்ளே வைத்துவிட்டார். வெள்ளியை விடவா அந்தக் கம்பி உசத்தி என்று நினைப்பு! சூடாக வேண்டிய கம்பி மின்சாரத்தைக் கொஞ்சம் தடுக்க வேண்டும். வெள்ளி தடுக்காது, அப்படியே திறந்துவிடும். பேட்டரி கொதித்துப்போகும். நெசவாளியைத் தவிர வேறு எவனுக்கும் இந்த யோசனை வந்திருக்காது.

சரியாகிவிட்டதா என்று பார்க்கத் தறியில் உட்கார்ந்தபடியே பொத்தானை அழுத்தியிருக்கிறார். பெட்டி சீறிக்கொண்டு புகை விட ஆரம்பித்தது. மேலே கீழே எங்கு பார்த்தாலும் பட்டு. வெளியே போகிற வழியில் ஜீவிதா பாயில் படுத்திருந்தாள். எறிய இடமில்லாமல் அதை உள்ளங்கையிலேயே பொத்திக்கொண்டு, மேல்துண்டைச் சுற்றி, மகளைத் தாண்டி ஓடித் தெருச் சாக்கடையில் போட்டார். கை வெந்துவிட்டது. வீடு முழுக்கப் புகை. ஜீவிதாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்து, அக்கம்பக்கத்தார் இரண்டு பேரையும் ஒரே ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நல்லவேளை, பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

சாயந்தரம் நான் ஊரிலிருந்து வந்தபோது இரண்டு பேரும் வீடு திரும்பியிருந்தார்கள். ஜீவிதாவின் கணவர் சிவராஜ் அவள் பையோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"வீடே பத்திக்கினு இருந்தா இன்னா ஆயிருக்கும் மாமா? நான் கூட்டிக்கினு போறேன்."

அவர் கோபத்தில் என்ன தப்பு? அக்கா சுவரில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தாள். மாமா கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். ஜீவிதா அவர் எதிரில் போய் நின்றாள்.

"நான் வேணுமா, அந்தப் புகை வேணுமா? ஒண்ணு சொல்லுப்பா."

மாமா வழக்கமான பதிலைத்தான் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"ரெண்டும் வேணும்மா" என்றார். "வுட முடியல. எத்தினியோ தபா பாத்துட்டேன். நீயும் வரணும், அதுவும் இருக்கணும்னுதான் இத்தக் கட்டினேன்."

"பாத்தியா? வா போலாம்" என்றார் சிவராஜ்.

ஜீவிதா அசையவில்லை. கண்ணெல்லாம் கலங்கிவிட்டது.

"பைய உள்ள வைங்க" என்றாள் கணவரிடம். "எனக்கு விவரம் தெரிஞ்ச நாள்லேந்து வுட்டுட்டேன், வுட்டுட்டேன்னுதான் சொல்லிக்கினு இருக்காரு. இன்னிக்குத்தான் நெசத்த சொன்னாரு."

பிறகு அப்பாவிடம் திரும்பினாள். "இனிமே இந்த மாதிரிப் பெட்டிங்க வூட்டுக்குள்ள வரக்கூடாது. பீடி புடிக்கணும்னா தெருமுனைக்குப் போ. புடிச்சிட்டு வந்தா, தலைக்குக் குளிச்சி துணி மாத்திக்கினுதான் உள்ள கால் வைக்கணும். ஒளிக்கிற வேலை வேணாம்."

வெந்நீர் கிடையாது என்று அக்கா தன் பங்குக்குச் சேர்த்துக்கொண்டாள். மாமாவுக்குப் பச்சைத் தண்ணீர் என்றாலே ஆகாது. கார்த்திகை மழையில், ஒரு கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவர் குழாயடியில் நின்று அலறுவதைத் தெருவே வேடிக்கை பார்த்தது. நானும் நின்று சிரித்திருக்கிறேன். ஒவ்வொரு பீடிக்கும் ஒரு குளியல் என்றால் எவனுக்குத்தான் மனசு வரும்? குறைந்துகொண்டே வந்தது. ஆனால் நிற்கவில்லை.

மார்கழியில் பெண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்த காலையில் நல்ல பனி. அக்கா ஆரத்தி எடுத்து உள்ளே அழைத்தாள். மாமாவைக் காணோம். பின்பக்கம் போய்ப் பார்த்தால், தலை சொட்டச் சொட்டக் குழாயடியில் நின்றுகொண்டிருக்கிறார். பல் கிடுகிடுவென்று ஆடுகிறது.

"இன்னிக்கும் புடிச்சியா மாமா?" என்று கத்தினேன். எனக்கு அவ்வளவு ஆத்திரம்.

"இல்லடா. காலைலேந்து ஒண்ணுகூடப் புடிக்கல. சொன்னா நம்பமாட்டாளேன்னுதான் குளிச்சிட்டேன்."

எனக்குப் பின்னால் ஜீவிதா குழந்தையோடு வந்து நின்றிருக்கிறாள். எனக்கே தெரியாது.

"நம்பறேம்பா" என்றாள். "தலையத் தொவட்டிக்கினு வா. புள்ளையத் தரேன்."