ஊர்ப் பலகையில் மிஞ்சிய பனை

இங்கே ஸ்ரௌவ்வில் என்ற ஊரின் வாசலில் அந்த ஊரின் பழைய மாவு ஆலையை வரைந்த ஒரு வரவேற்புப் பலகை நிற்கிறது. அதைக் கண்ட நாளிலிருந்து புலம்பெயர்ந்து வந்த எங்கள் ஊர்ச்சங்கத்தின் தலைவருக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"தம்பி, ஒன்றுகூடலுக்கு எங்கட ஊர்ச் சரித்திரத்தையும் உப்பிடிக் கீறித் தாரும்" என்றார். கீறத் தெரிந்த பாவத்துக்கு நானும் ஓம் என்றேன்.

இன்று செயற்குழு பலகையைப் பார்க்க வெக்ஸ்போர்ட்டில் உள்ள என் வீட்டுக்கு வந்தது.

பிள்ளையார் கோயில் வரைந்திருந்தேன். "அப்ப எங்கட தெற்குப் பக்கத்து அம்மன்?" என்றார் பொருளாளர் அன்ரி. கோயிலுக்கு மேல் வெள்ளை பூசினேன்.

அடுத்தது பொதுக்கிணறு. "உதை வெட்டினது எங்கட அப்பு. பேரைப் போடும்" என்றார் செயலாளர்.

"உங்கட அப்பு கரையிலை நிண்டு பாத்தவர்" என்றார் தலைவர்.

கிணற்றுக்கும் வெள்ளை.

மிஞ்சியது ஒரேயொரு பனைமரம். இதற்கு உரிமை கேட்க ஒருவரும் வரமாட்டார்கள். அப்பாடா என்று தூரிகையைக் கழுவப் போனேன்.

அன்ரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"தம்பி, உது ஆருடைய வளவுக்குள்ளை நிக்கிற பனை?"

இந்த மின்னஞ்சல் குழுவில் இருக்கும் ஊரவர்களே, எங்கள் ஊரில் ஒருவருடைய வேலிக்குள்ளும் நிற்காத மரம் ஏதாவது உண்டா? உடனே எழுதுங்கள். ஒன்றுகூடல் ஞாயிற்றுக்கிழமை.