விமானத்துக்குப் பெயின்ட் அடித்தது

நான் பழைய மெஷின் வாங்கி விற்பவன். லேத், கம்ப்ரசர், ஜெனரேட்டர். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு ஷெட். விமானம் விற்பேன் என்று நினைத்ததில்லை.

ஆவடியில் ஒரு டாக்டர். அவர் ஆஸ்பத்திரியின் ஜெனரேட்டரை நான்தான் விற்றுக் கொடுத்தேன். அவருக்குச் சொந்தமாக ஒரு சின்ன விமானம் இருந்தது. இரண்டு பேர் உட்காரலாம். கண் பரிசோதனையில் அவர் தேறவில்லை. இனி ஓட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். விமானம் நின்ற இடத்தையும் காலி செய்யச் சொன்னார்கள். இறக்கையைக் கழற்றி, லாரியில் ஏற்றி, என் ஷெட்டில் கொண்டுவந்து இறக்கினார்.

எதிர் டீக்கடைக்காரர் வந்து சுற்றிப் பார்த்தார். "இன்னா நைனா, லேத்து வித்தது போதும்னு மேல கெளம்பிட்டியா?" என்றார்.

டாக்டர் ஒரே பேச்சுதான் சொன்னார். "பறக்கிற ஆளுக்குத்தான் குடுக்கணும். நிறுத்தி வெச்சு வேடிக்கை காட்றவனுக்கு வேணாம். பாத்துப் பண்ணுப்பா."

சரி என்றேன்.

அடுத்த வாரம் ஒரு தாள் கொண்டுவந்தார். விமானத்துக்குள் பழைய முள் மீட்டர்கள் ஆறு இருந்தன. அதையெல்லாம் எடுத்துவிட்டு இரண்டு திரை போடலாமாம். புது ரேடியோ. ரேடார் கேட்டால் தானாகப் பதில் சொல்லும் ஒரு பெட்டி. எல்லாம் சேர்த்தால் விமானத்தின் விலையில் பாதி வந்தது.

"போட்டா நல்ல ஆள் வருவான். போடலேன்னா யாரும் திரும்பிப் பாக்க மாட்டான்னு ஒருத்தர் சொல்றார். போட்டா அந்தக் காசு திரும்பாதுன்னு இன்னொருத்தர் சொல்றார். நீ என்ன சொல்ற?"

எனக்கு என்ன தெரியும்? லேத்தாக இருந்தால் தெரியும். லேத்துக்குப் புது மோட்டார் போட்டு விற்க மாட்டோம். வாங்குகிறவன் தனக்குப் பிடித்த மோட்டாரைப் போட்டுக்கொள்வான். இதற்கும் அதே கணக்கா? தெரியவில்லை. ஒரு நாள் போடலாம் என்று தோன்றியது. மறுநாள் வேண்டாம் என்று தோன்றியது. அந்தத் தாளை நாலு முறை படித்தேன். பாதி புரியவில்லை.

தெரிந்ததைச் செய்வோம் என்று முடிவு செய்தேன். எங்கள் தொழிலில் மெஷினைப் பெயின்ட் அடிக்காமல் காட்ட மாட்டோம். பள்ளம் இருந்தால் பட்டி வைப்போம். தேய்த்து, இரண்டு கோட் அடிப்போம். பார்க்க வருகிறவன் முதலில் பார்ப்பது அதைத்தான். டாக்டரைக் கேட்கவில்லை. மூன்று நாள் உட்கார்ந்து நானே அடித்தேன். வெள்ளை, நடுவில் நீலப் பட்டை. பளபளவென்று இருந்தது.

டாக்டர் வந்தார். கிட்டே போய்த் தடவினார். "புதுசு மாதிரி வழவழன்னு இருக்கே" என்றார். அவர் கண்ணுக்கு அவ்வளவுதான் தெரிந்தது.

முதலில் வந்தவர் பூந்தமல்லி பாய். திருமழிசை தாண்டி நெடுஞ்சாலையில் ஓட்டல் கட்டிக்கொண்டிருந்தார்.

"பறக்கத் தேவல அண்ணாத்தே. வாசல்ல நின்னா போதும். பசங்க உள்ள குந்திகினு போட்டோ எட்த்துக்கும்."

திரை போடும் யோசனையைச் சொன்னேன்.

"அதுல படம் ஓடுமா?"

"ஓடாது பாய்."

"அப்ப வேணாம். பெயின்ட்டு சூப்பரா கீது. அதுக்கே காசு குடுக்கலாம். வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லு." நல்ல விலை சொன்னார். டாக்டர் எதிர்பார்த்ததைவிட அதிகம்.

புதன்கிழமை கோயம்புத்தூரிலிருந்து ஒரு அம்மா வந்தார். விமானம் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். டாக்டரும் கூட இருந்தார். அந்த அம்மா பெயின்ட்டைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"எப்பங்ண்ணா அடிச்சீங்க?"

"போன வாரம்."

சுற்றி வந்தார். இடப்பக்கம் குனிந்து, விரலால் தேடினார்.

"இங்க சின்னதா ஒரு ஓட்டை இருந்துருக்குமே?"

இருந்தது. ஊசி நுழையும் அளவு. கழன்றுபோன ஸ்க்ரூவின் ஓட்டை என்று நினைத்திருந்தேன். "பட்டி வெச்சு அடைச்சுட்டேம்மா" என்றேன்.

அவர் கத்தவில்லை. "அது வழியாத்தானுங்ண்ணா வெளிக்காத்து மீட்டருக்குப் போகும். எவ்வளவு உசரத்துல போறோம்னு அதை வெச்சுத்தான் தெரியும். பழைய முள்ளா இருந்தாலும் சரி, புதுத் திரையா இருந்தாலும் சரி. இதோட ஏறிருந்தா உசரம் தெரியாமலே போயிருப்பேன்" என்றார்.

டாக்டர் என்னைப் பார்க்கவில்லை. அந்த இடத்தையே தடவிக்கொண்டிருந்தார்.

"பெயின்ட்டு பூராவும் உரிச்சுருங்க. எமரித் தாள் போட்டுத் தேய்க்காதீங்க, தகடு கீறிக்கும். தகடு எப்பிடி இருக்குதுன்னு பாத்துட்டுத்தான் சொல்லுவேன். இப்ப வாக்குக் குடுக்க முடியாதுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

உரித்தால் பாய் வாங்க மாட்டார். உரிக்காவிட்டால் இந்த அம்மா வாங்க மாட்டார். உரித்த பிறகு இரண்டு பேரும் வேண்டாம் என்று சொன்னாலும் சொல்வார்கள்.

"உன் மெஷினா இருந்தா என்ன பண்ணுவ?" என்று டாக்டர் கேட்டார்.

உண்மையைச் சொன்னேன். "பாய்க்குக் குடுத்துருவேன் சார்."

டாக்டர் மறுபடி அந்த அடைத்த இடத்தில் விரலை வைத்தார். "உரிச்சுடு" என்றார்.

பாய்க்குப் போன் செய்து சொன்னேன். "நல்லா இருந்தத ஏன்பா கெடுக்கற?" என்றார். போனை வைத்துவிட்டுப் பெயின்ட் ரிமூவர் வாங்கப் போனேன்.

ரிமூவர் போட்டு, மரத் துண்டால் சுரண்டினேன். அடிக்க மூன்று நாள், உரிக்கப் பதினொரு நாள். இடது இறக்கையின் அடியில், ஆணி வரிசையை ஒட்டி, உப்பு மாதிரி வெள்ளையாகப் பூத்திருந்தது. அரித்திருக்கிறது. மறுபடி பட்டி வைக்கலாம் என்று கை போனது. வைக்கவில்லை. படம் எடுத்து அந்த அம்மாவுக்கு அனுப்பினேன்.

ஒரு இன்ஜினியரோடு வந்தார். தட்டிப் பார்த்தார்கள். கையடக்க விளக்கு அடித்துப் பார்த்தார்கள். ஒரு தகடு மாற்ற வேண்டும் என்றார்கள். அந்த அம்மா விலையைக் குறைத்துக் கேட்டார். டாக்டர் ஒத்துக்கொண்டார்.

"அந்தத் திரை?" என்று நான் கேட்டேன்.

"வேண்டாங்ண்ணா. பழகறவங்களுக்கு முள்ளே போதும். பதில் சொல்ற பெட்டி மட்டும் நான் போட்டுக்கறேன். வேற எது போட்டிருந்தாலும் கழட்டித்தான் வெச்சிருப்பேன்."

பெயின்ட் இல்லாமல், தகடு தெரிய, பழைய மீட்டரோடு, அரிப்போடு ஒருவர் காசு கொடுத்து வாங்கிப் போகிறார். இத்தனை வருடம் நான் விற்ற விதம் சரிதானா என்று குழப்பமாக இருந்தது. லாரி எஸ்டேட் கேட்டைத் தாண்டும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஐந்து மாதம் கழித்து கோயம்புத்தூரிலிருந்து டாக்டரைக் கூப்பிட்டார்கள். தகடு மாற்றி, சான்று வாங்கி, முதன்முதலில் ஆள் ஏற்றுகிறார்களாம். ஓட்டுகிற அம்மாவுக்குப் பக்கத்து சீட்டில் டாக்டர். என்னையும் வரச் சொன்னார். நான் போகவில்லை.

திரும்பி வந்தவர் நேராக ஷெட்டுக்கு வந்தார். ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"ஏறுச்சா சார்?"

"ஏறுச்சுப்பா."

டீ சொல்லவா என்று கேட்டேன். சொல்லு என்றார்.