சந்தனம் பூசிய டைனமோவும் பங்காருப்பேட்டை ரயிலும்

போன வருஷம் ஆயுத பூஜைக்கு அடுத்த வாரம் ஜோகுபாளையத்திலிருந்து பங்காருப்பேட்டைக்குக் காரில் போனோம். பட்டாளத்தில் சேர்ந்திருந்த வேலு மாமா அங்கே மாலை நாலு மணிக்குச் சென்னை ரயில் ஏறுவதாகத் தகவல் வந்திருந்தது. அம்மாவுக்கு ஒரே தம்பி. போருக்குக் கப்பல் ஏறுமுன் அவர் முகத்தைப் பார்த்துவிட வேண்டும் என்றாள் அம்மா. இப்போது ஐந்து மாதமாக அவரிடமிருந்து கடிதம் இல்லை. வீட்டில் யாரும் அவர் பேச்சை எடுப்பதில்லை. அதனால்தான் எல்லோரும் தூங்கிய பிறகு இதை எழுதுகிறேன். வாசலில் சைக்கிள் மணி அடித்தால் தந்தியோ என்று எழுந்து எட்டிப் பார்க்கிறேன். அந்தப் பயணத்தை நினைத்தால் மட்டும் கொஞ்சம் தெம்பு வருகிறது.

எங்கள் கார் என்னைவிட மூத்தது. கித்தான் கூரை. காலை பத்து மணிக்குக் கிளம்பினோம். போக வர நூறு மைல். அந்த மாதத்துப் பெட்ரோல் கூப்பன் முழுவதும் அதற்கே. பழைய மதராஸ் ரோட்டில் இருபக்கமும் புளிய மரங்கள். ஹொசகோட்டை ஏரி நிரம்பித் தளும்பியது.

ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒரு மீட்டர் உண்டு. டைனமோ பேட்டரிக்கு மின்சாரம் கொடுத்தால் முள் வலப்பக்கம் நிற்கும். பேட்டரி செலவானால் இடப்பக்கம் சாயும். கிளம்பியதிலிருந்து அது இடப்பக்கமே கிடந்தது. "மீட்டருக்கு வயசாயிடுச்சு" என்றார் அப்பா. ஏரி தாண்டி இரண்டு மைலில் இன்ஜின் இருமி நின்றது.

அப்பா பானட்டைத் திறந்து டைனமோவைச் சுழற்றும் பெல்ட்டை அழுத்திப் பார்த்தார். இறுக்கமாக இருந்தது. ஒயர்களும் சரி. அம்மா இறங்கி வந்து குனிந்தாள்.

"என்னங்க, சந்தன வாசனை வருதே?"

"பூஜை போட்ட வண்டின்னா வராதா?"

"வெளியே பூசினதை அன்னிக்கே துடைச்சாச்சு. இது சூடா வருது. உள்ளேயும் வெச்சீங்களா?"

அப்பா டைனமோவைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "மூடியைத் திறந்து ஒரே ஒரு பொட்டு. அதுதானே வண்டிக்கு உயிர்!"

"உயிரோட மூக்கையே அடைச்சிட்டீங்க!"

மூடியைக் கழற்றினார். உள்ளே சுழலும் செம்பு உருளையைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டிய கரித்துண்டு, காய்ந்த சந்தனத்தில் ஒட்டிப் பாதியிலேயே நின்றிருந்தது. அதை மெல்ல நெம்பி எடுத்தார். கைக்குட்டையைப் பெட்ரோலில் நனைத்துத் துடைத்தோம். செம்பை உப்புத்தாளால் தேய்த்தோம். எங்கள் மூவர் விரலெல்லாம் கரி. இதிலேயே வெகு நேரம் போய்விட, அம்மா சூரியனைப் பார்ப்பதும் ரோட்டைப் பார்ப்பதுமாக இருந்தாள்.

மாட்டு வண்டிக்காரர் ஒருவர் நிறுத்தி, "எத்து கட்லா சாமி?" என்று சிரித்தார். காரை இழுக்க மாட்டைப் பூட்டவா என்று கேலி. "ஸ்வல்ப தள்ளப்பா, சாக்கு" என்று, கொஞ்சம் தள்ளினால் போதும் என அம்மா கன்னடத்திலேயே பதில் கொடுத்தாள். அப்பா ஸ்டியரிங்கைப் பிடிக்க, வண்டிக்காரரும் அம்மாவும் நானும் தள்ள, இன்ஜின் உறுமியது. முள் நடுங்கி வலப்பக்கம் நகர்ந்தது. அவ்வளவு அழகான காட்சியை நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை.

பங்காருப்பேட்டையை அடைந்தபோது ரயில் நின்றுகொண்டிருந்தது. ஜன்னல் ஜன்னலாகத் தேடினோம். ஒரு ஜன்னலிலிருந்து மாமா எட்டிப் பார்த்தார்.

"அக்கா! கையெல்லாம் என்ன கரி?"

வழியெல்லாம் அம்மா ஏதேதோ சொல்ல யோசித்து வந்திருந்தாள். வாயில் வந்ததோ, "உங்க அத்தான் டைனமோவுக்குப் பொட்டு வெச்சாருடா" என்பதுதான். மாமா விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்துக்கொண்டிருக்கும்போதே ரயில் நகர்ந்துவிட்டது.

நீங்களும் யாரையாவது வழியனுப்ப அந்தப் பக்கம் போனால், கிளம்புமுன் மீட்டர் முள்ளைப் பாருங்கள். பூஜைப் பொட்டு வெளியோடு இருக்கட்டும். ஹொசகோட்டையில் ரேடியேட்டருக்குத் தண்ணீர் நிரப்பிக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரம் முன்னதாகவே போய்விடுங்கள். பிளாட்பாரத்தின் கிழக்குக் கோடிக்கு ஓடினால் ரயில் மறையும்வரை பார்க்கலாமாம். பிறகுதான் சொன்னார்கள். நாங்கள் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டோம்.