ஃபரீதா மிஸ் அழிக்காத கப்பல்

ஃபரீதா மிஸ் மௌத்தாகிவிட்டார். இன்று விடியற்காலையில்.

எனக்கு மத்தியானம்தான் ஃபோன் வந்தது... அதற்குள் அடக்கம் செய்ய ஜனாஸாவை எடுத்துவிட்டார்கள். முகம் பார்க்கக் கிடைக்கவில்லை.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கொழும்புக் கோட்டையில் ஒரு கப்பல் ஏஜென்ட் ஒஃபிஸில் அவர் கிளார்க். நான் அதே மாடியில் தேத்தண்ணி போட்டு, கூட்டித் துடைத்த சரஸ்வதி. அவருக்கு மட்டும் சரசக்கா.

நான் கொட்டாஞ்சேனையில் இருந்து பஸ்ஸில் வந்து கதவைத் திறந்து வைப்பேன். அவர் கொம்பனித்தெருவில் இருந்து நடந்தே வந்துவிடுவார். வந்ததும் கொம்பியூட்டரைப் போட்டு, ஒரே திரையில் மூன்று பெட்டி திறப்பார்.

நீலம் எங்கள் ஒஃபிஸுடையது. பச்சை சிங்கப்பூர் தலைமை ஒஃபிஸ். மஞ்சளில் கப்பல்களின் சரக்குப் பட்டியல்... மூன்றும் வேறு வேறு இடத்தில் இருக்கும் பெரிய கொம்பியூட்டர்கள், மெயின்ஃப்ரேம் என்பார்கள். மிஸ் கதிரையை விட்டு எழும்பாமல் மூன்றுக்குள்ளும் போய் வருவார்.

அந்த சொஃப்ட்வெயாருக்கு எமுலேட்டர் என்று பெயர். ஒன்றோடு ஒன்று மாறிவிடக் கூடாது என்று நிறங்களை அவரே போட்டுக்கொண்டார்.

“இந்த மிஷின் நல்லாப் பொய் சொல்ற, அக்கா. நான் ஒங்கட ஆள்தான் எண்டு மூணு பேருக்கிட்டயும் சொல்லிட்டு உள்ள போற. மூணு மாமிக்கு ஒரு மருமகள்!”

சொல்லிவிட்டு அவரே முதலில் சிரிப்பார். அந்தச் சிரிப்புச் சத்தம்... மத்தியானத்தில் இருந்து காதுக்குள்ளேயே இருக்கிறது.

பத்து நிமிடம் ஒன்றையும் தொடாமல் விட்டால் அந்தத் தொடர்பு அறுந்துவிடும். திரும்ப உள்ளே போவதற்குச் சில நாள் அரை மணித்தியாலம் போகும். அதனால் மத்தியானம் லுஹர் தொழப் போகும்போது என்னைத் தன் கதிரையில் இருத்திவிட்டுப் போவார்.

“மூணுலயும் மாறி மாறி ஒரு என்டர் அடிங்க. வேற ஒண்டும் தொடவாணாம். நான் இந்தா வாற.”

ஐந்தாம் வகுப்போடு நின்ற நான், ஒவ்வொரு நாளும் அந்தச் சுழல் கதிரையில்... நீலம், பச்சை, மஞ்சள். கதிரையின் முதுகில் அவருடைய ஷோல் தொங்கும். பவுடர் வாசம்.

என் மூத்த பேத்தி இப்போது கொம்பியூட்டர் எஞ்சினியர். இதைச் சொன்னபோது அவள் கண்ணை விரித்தாள்.

“அம்மம்மா, நீங்க மெயின்ஃப்ரேமிலயா வேலை செய்தனீங்க?”

“ஓம். என்டர் அடிச்சனான்.”

அந்த நாளைச் சொல்லவேண்டும்... ரமழான் மாதம். மிஸ் நோன்பு.

மஞ்சளில் ஒரு பழைய கப்பலின் பட்டியலை அழிக்கப் போனவர், தொழுகைக்கு நேரமாகிவிட்டது என்று பாதியில் எழும்பினார். அவசரத்தில் திரையில் மினுங்கும் குறி ஒரு வரி மாறி, மறுநாள் வரப்போகிற கப்பலின் பெயரில் நின்றிருக்கிறது. அழிப்பதென்றால் என்டர் அடிக்கவும் என்று இங்கிலிஷில் கேட்டுக்கொண்டு நின்றதாம் திரை.

எனக்கு எழுத்துத் தெரியும், வசனம் விளங்காது. வழக்கம்போல அடித்தேன்.

முழுக் கப்பலும் போய்விட்டது.

மெனேஜர் வெளியே வந்து, யார் செய்தது என்று சிங்களத்தில் கத்தினார். “கவ்த மேக்க கெருவே?”

மிஸ் அப்போதுதான் தொழுதுவிட்டு வருகிறார். முகத்தில் ஒளுச் செய்த ஈரம்கூடக் காயவில்லை. திரையை ஒரு தடவை பார்த்தார், என்னை ஒரு தடவை பார்த்தார்.

“மம தமய், சேர்.” நான்தான் என்று சொல்லிவிட்டார்.

உண்மையைச் சொல்ல நான் மெனேஜரின் அறைக்குப் போகக் கிளம்பினேன். தேத்தண்ணி அறை வாசலில் வைத்து மிஸ் என் கையைப் பிடித்துவிட்டார்.

“பைத்தியமா சரசக்கா? எனக்கு ஏச்சோட போகும். தேத்தண்ணி போடுற ஆள் கொம்பியூட்டர்ல என்ன செஞ்ச எண்டு கேட்டா, ஒங்கள இண்டைக்கே நிப்பாட்டுவாங்க. வாய மூடிட்டு ஈங்க.”

என் இரண்டு பெண் பிள்ளைகளும் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலம். வாயை மூடினேன்.

அந்தப் பட்டியல் முழுவதையும் கடதாசியைப் பார்த்துத் திரும்ப அடித்தார். இரண்டு நாள். என் வேலை முடிந்ததும் நான் பக்கத்தில் இருந்து கொன்டெய்னர் நம்பர்களை வாசித்தேன்... எழுத்து, எழுத்து, எழுத்து, பிறகு இலக்கங்கள்.

“டீச்சர் மாதிரி வாசிக்கிறீங்க அக்கா, கொஞ்சம் மெல்ல!” என்பார். பொழுதுபட்டு மஃரிபுக்குப் பாங்கு சொன்னதும், நோன்பு திறக்க ஒரு பேரீச்சம்பழத்தைப் பிய்த்துப் பாதியை என் கையில் வைத்தார்.

ஏச்சோடு போகவில்லை. அந்த வருடம் அவருக்கு வரவேண்டிய சூப்பர்வைசர் வேலை வேறொருவருக்குப் போனது. அதற்குப் பிறகு வரவேயில்லை.

அவர் ஓய்வு பெற்ற அன்று கேக் வெட்டும்போது யாரோ கத்தினார்கள். “மிஸ், கேக்கையும் டிலீட் பண்ணிடாதீங்க!” எல்லோரும் சிரித்தார்கள், மிஸ்ஸும் சிரித்தார். நான் பீங்கான் எடுக்கிற மாதிரி குனிந்துகொண்டேன்.

பிறகு நான் மகளோடு வெள்ளவத்தைக்கு வந்துவிட்டேன். கொம்பனித்தெருவில் மிஸ்ஸுடைய பழைய வீட்டை உடைத்து, அவருக்குப் பதினாலாம் மாடியில் வீடு கொடுத்தார்கள். “வாங்க சரசக்கா, குசினியில இருந்து கடல் தெரியிற” என்று ஒவ்வொரு ஃபோனிலும் கூப்பிட்டார். லிஃப்டுக்குப் பயந்து, இந்த மாதம் அடுத்த மாதம் என்று...

போகவில்லை. எவ்வளவு கதை வைத்திருந்தேன்.

இன்று எனக்கு ஃபோன் எடுத்துச் சொன்னவர் எங்கள் பழைய ஒஃபிஸ் ஆள். எந்த ஃபரீதா என்று நான் தடுமாற, “அதான் சரசக்கா, கப்பலை அழிச்ச மிஸ்” என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார்... அவர் மேல் பிழை இல்லை.

இதை வாசிக்கிறவர்களில் அந்த ஒஃபிஸ் ஆட்கள் சிலரும் இருக்கிறீர்கள். மற்றவர்களுக்கும் சொல்லுங்கள்.

அந்தக் கப்பலை அழித்தது நான். அந்த நேரம் ஃபரீதா மிஸ் தொழுகைப் பாயில் இருந்தார்.

கோவிக்காதீங்கோ மிஸ்... சொல்லிட்டன்.