வட்டில் இறங்காத குரல்

நாட்டில் சண்டை முடிந்த பிறகு, தில்லையடியில் ஒரு கொமியூனிகேஷன் கடையில் கொஞ்சக் காலம் இருந்தேன். அதற்கு முன் உப்பளம், அதற்கும் முன் ஆலங்குடாவில் வலை இழுப்பு. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன், கணினியைக் கடையில்தான் கற்றேன். வெளிநாட்டில் இருக்கும் கணவன்மாரோடு இணையத்தில் கதைக்கப் பெண்கள் வருவார்கள். அந்தக் கதையைப் பதிந்து ஃபோனில் போட்டுக் கொடுப்போம்.

அப்படி வருபவர்களில், ராத்தா என்று நான் கூப்பிடும் அக்கா ஒருவரின் கணவர் பாலைவனத்தில் குழாய் பதிப்பவர். அவர் போன பிறகு பிறந்த மகளுக்கு வாப்பா என்றால் அந்தப் பதிவுகள்தான்.

எவரும் நிரலைப் பார்த்துத் திருத்தக்கூடிய எங்கள் கணினி இயங்குதளத்தைப் புதுப்பித்த பின், நடுவில் கரண்ட் போனால் பதிவு வெறுமையாகக் கிடந்தது. கோப்பின் பெயர் இருக்கும், சத்தம் இராது. முன்பு அப்படியில்லை, அதுவரை கதைத்தது மிஞ்சும். பழைய இயங்குதளத்துக்குத் திரும்பினால் அழைப்பே போகவில்லை. இரண்டு வெள்ளிக்கிழமைகளின் கதை இப்படிப் போயிற்று. அடுத்த வெள்ளிக்குப் பிறகு கணவர் பாலைவனத்தில் இன்னும் உள்ளே போகிறார், மாதக்கணக்கில் கதைக்க முடியாது என்றார் ராத்தா.

"பழசெல்லாம் இவளுக்குப் பாடம் தம்பி. வாப்பா இருமுற இடத்துல இவளும் இருமுறா. புதுசா ஒண்டு வேணும்."

பழைய பதிப்புக்கும் புதியதற்கும் இடையே ஏராளமான மாற்றங்கள். எந்த மாற்றத்தில் பிழை வந்தது என்று தேடினேன். நடுவிலுள்ள ஒரு பதிப்பை எடுத்து நிறுவி, பேசிப் பதிந்து, பிளக்கைப் பிடுங்கி, திரும்ப ஏற்றிப் பார்ப்பேன். பதிவு மிஞ்சினால் பிழை பிந்திய பாதியில், இல்லையென்றால் முந்தியதில். அந்தப் பாதியை மறுபடி இரண்டாக்குவேன்.

சோதனைக்கு என் குரல்தான் இருந்தது. முதலில் எண்களைச் சொன்னேன். அலுத்துப்போய், சிலாபத்தில் எனக்காகக் காத்திருந்து பிறகு வேறொருவரைக் கட்டிக்கொண்டவளோடு பேசுவதுபோல் பேசத் தொடங்கினேன். சாப்பிட்டாயா, அங்கே காற்று எப்படி, நான் இன்னும் ஓரிடத்தில் நிற்கவில்லை. பிழையுள்ள பதிப்பில் பிளக்கைப் பிடுங்கினால் எல்லாம் போய்விடும். அது வசதியாகவும் இருந்தது.

கடைசியில் பிழை அகப்பட்டது. பேசுவது முதலில் கரண்ட் போனால் அழியும் நினைவகத்தில் தங்கி, பிறகுதான் நிரந்தரமாகச் சேமிக்கும் வட்டில் இறங்கும். இறங்கி முடியும்வரை காத்திருந்து "எழுதியாயிற்று" என்று சொல்வது கோப்புகளைக் கையாளும் கோப்பு முறைமையின் வேலை. வேகத்துக்காக யாரோ நிரலைத் திருத்தியதில் அந்தக் காத்திருப்பு விடுபட்டிருந்தது. அதைத் திரும்ப வைத்தேன். தெரிந்த ஆங்கிலத்தில் எழுதி இயங்குதளத்தைப் பராமரிப்பவர்களுக்கும் அனுப்பினேன், ஏற்றுக்கொண்டார்கள்.

பிளக்கைப் பிடுங்கி ஏற்றியபோது, நான் அவளிடம் கேட்டதெல்லாம் அப்படியே இருந்தது. முழுவதையும் கேட்டுவிட்டு அழித்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை கதை நடுவில் கரண்ட் போயிற்று. ராத்தா மகளை மடியில் வைத்துக்கொண்டு கதிரையில் இருந்தார். கரண்ட் வந்ததும் பதிவைப் போட்டேன். கணவருடைய குரல் இருந்தது. "புள்ளட காதுல வைங்க, நான் ஒண்டு சொல்லணும்" என்பதோடு நின்றது.

ராத்தா ஹெட்போனை மகளின் காதில் வைத்தார். சத்தம் நின்ற பிறகும் பிள்ளை அதைக் கழற்ற விடவில்லை.