பின் ஸ்பீக்கரில் தேவானை

கே.கே. நகர் ஹவுசிங் போர்டு வீட்டில் தேவானை என்று ஒருத்தி. கோடம்பாக்கத்து ரெக்கார்டிங் தியேட்டர்களில் இருபது வருஷத்துக்கு மேல் கோரஸ் பாடினவள். கதாநாயகி மலை மேல் ஓடும்போது பின்னால் ஒரு கூட்டம் "ஆ... ஆ..." என்று இழுக்குமே, அந்தக் கூட்டத்தில் ஒருத்தி. அவள் பேர் எந்தக் கேசட் அட்டையிலும் வந்ததில்லை. கதாநாயகன் குதிரையில் பாடிக்கொண்டு வரும் ஒரு பாட்டு ரேடியோவில் வந்தால், "இதுல நான் கீறேன்" என்பாள். அவள் வீட்டுக்காரர் வேலு, பஸ் ஓட்டி ரிட்டையர் ஆனவர், "ஆமாமா, அந்தக் குதிரையே நான்தான்" என்பார். கல்யாணமான நாளிலிருந்து இதே கிண்டல். அவளும் கூடச் சிரிப்பாள். ஆனால் ஒரே ஒரு தடவையாவது இந்த மனுஷன் காதில் தன் குரலைப் போட்டுவிட வேண்டும் என்று உள்ளே ஒரு வெறி இருந்தது.

போன மாசம், கூடப் பாடின அஸ்மத்துன்னிசா போன் போட்டாள். "தேவானை, அந்தக் குதிரைப் பாட்டுப் படத்தைப் புதுசா சவுண்டு பண்ணி தியேட்டர்ல உட்டாங்கடி, நான் போய்ப் பார்த்தேன். நேத்தோட தியேட்டர்லேந்து தூக்கிட்டாங்க. நம்ம ஹம்மிங்கைத் தனியாப் பிரிச்சுப் பின்னாடி ஸ்பீக்கர்ல போட்டுக்கீறாங்க. என் முதுகுக்குப் பின்னால நாமளே பாடுறோம்!"

மகள் வாங்கிக் கொடுத்த ஹோம் தியேட்டர் வீட்டிலேயே இருக்கிறது. டிவி பக்கம் மூன்று ஸ்பீக்கர், பின்னால் சமையலறை வாசலுக்கு மேலே இரண்டு. தேவானை வேலுவைப் பிடித்து ஸ்டூலில் உட்கார வைத்தாள். போனிலிருந்து அந்தப் புதுப் பாட்டைப் போட்டாள். முன்னால் கதாநாயகன் உருகினான். பின்னால் மூச்சுச் சத்தம்கூட இல்லை.

"இன்னாமே, கோரஸுக்கு இன்னிக்கு லீவா?"

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ரிமோட்டில் பேலன்ஸ் என்று ஒன்று. தள்ளினால் சத்தம் இடது பக்கம் போனது, இன்னொரு தடவை தள்ளினால் வலது பக்கம் போனது. பின்னால் மட்டும் போக மாட்டேன் என்றது. ஸ்டூல் மேல் ஏறி வயரைப் பிடுங்கி மாற்றிச் சொருகினாள். கழுத்து பிடித்துக்கொண்டதுதான் மிச்சம்.

பக்கத்துத் தெருவில் டிவி ரிப்பேர் பார்க்கும் புகழேந்தி வந்தான். ரிமோட்டில் எதையோ அமுக்க, ஒவ்வொரு ஸ்பீக்கரும் முறை வைத்து "சர்ர்ர்" என்றது, பின்னால் இருப்பதும் சேர்த்து.

"அஞ்சும் ஜம்முனு கீதுக்கா. வயரும் ஓகே."

"அப்புறம் பாட்டு ஏன் வரல?"

"இதோ வரும் பாருங்க" என்று இன்னொரு பட்டனை அமுக்கினான். வந்தது. ஐந்து பக்கமும் கதாநாயகனே வந்தான்.

"ஐயோ, இவன் சமையல்கட்டு வரைக்கும் வந்துட்டானா!"

"சத்தம் வருதில்ல?"

"யார் சத்தம்பா வருது? என் சத்தம் எங்க?"

அவன் பட்டனைப் பழையபடி ஆக்கிவிட்டுத் தலையைச் சொறிந்துகொண்டே போனான். அன்றைக்குக் குழம்பில் உப்பில்லை. வேலு தானே எழுந்து எடுத்துப் போட்டுக்கொண்டார்.

மறுநாள் பீன்ஸ் நறுக்கும்போதுதான் அவளுக்கு ஒன்று உறைத்தது. ஸ்பீக்கர் நன்றாக இருக்கிறது, வயரும் நன்றாக இருக்கிறது. அப்படியென்றால் பாட்டே அங்கே வந்து சேரவில்லை. ரெக்கார்டிங்கில் குரல் விழவில்லை என்றால் முதலில் அது மைக்குக்கு வந்ததா என்றுதானே பார்ப்பார்கள்? உடனே புகழேந்திக்கு போன் போட்டாள்.

"போன்ல வர்ற பாட்டுல எத்தினி பாகம் கீது?"

"ரெண்டுதான்க்கா. லெஃப்ட், ரைட். அஞ்சாப் பிரிச்சது டிஸ்க்லதான் வரும்."

"இத நேத்தே சொல்றதுக்கு வாயில இன்னாத்த அடக்கினு இருந்தே?"

அஸ்மத்துன்னிசா எங்கெங்கோ தேடி டிஸ்க்கை வாங்கி அனுப்பினாள். போட்டால் பின்னால் ஏதோ முனகியது, கம்பளிக்குள் யாரோ இருமுகிற மாதிரி. அப்போதுதான் பார்த்தாள். தூசி படாமல் இருக்க அவளே கெட்டி வெல்வெட்டில் தைத்துப் போட்ட உறை! உருவி எறிந்தாள். ஹம்மிங் வந்தது. ஆனால் முன்னால் கதாநாயகன் இன்னும் உருகிக்கொண்டிருந்தான்; அதில் இது மூழ்கியது. பொறுமை போயே போய்விட்டது. டிவிக்குக் கீழே கையை விட்டு முன் ஸ்பீக்கர் மூன்றின் வயரையும் பிடுங்கினாள்.

கதாநாயகன் ஒழிந்தான். சமையலறை வாசலில் எட்டுப் பெண்கள் பாடினார்கள்.

வேலு ஸ்பீக்கருக்குக் கீழே போய் நின்றார். முடியும்வரை அசையவில்லை. "நல்லாத்தான்மே கீது" என்றார். பிறகு, கிண்டலே இல்லாமல் கேட்டார்: "இதுல நீ எது?"

அவள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். திரும்பப் போட்டுக் கேட்டாள். எட்டும் ஒரே குரலாக இருந்தது. அந்தக் காலத்தில் கோரஸில் ஒரு குரல் தனியாகத் தெரிந்தால் மைக்கை விட்டுத் தள்ளி நிற்கச் சொல்வார்கள். தெரியாமல் பாடுவதற்குத்தான் அவளுக்குச் சம்பளமே. அஸ்மத்துன்னிசாவைக் கூப்பிட்டுக் கேட்டாள்.

"மேல ஏறும்போது ஒண்ணு நிக்குது பாரு, அது நான்" என்றாள் அவள்.

"போடி, அது நான்."

"உனக்கு ஏதுடி அவ்ளோ மூச்சு?"

தேவானை போனை வைத்துவிட்டாள்.

சாயங்காலம் வேலு மேட்ச் போட்டார். பந்து பறந்தது, கூட்டம் எழுந்து குதித்தது. ஒரு சொட்டுச் சத்தம் இல்லை.

"அந்த வயரை மாட்டுமே."

"மாட்ட மாட்டேன்."

"எத்தினி நாளைக்கு?"

"நான் எதுன்னு தெரியுற வரைக்கும்."

மேட்சை அணைத்து டிஸ்க்கை மறுபடி உள்ளே தள்ளினாள். வேலு முனகிக்கொண்டே ஸ்டூலைத் திருப்பிப் போட்டு, சமையலறை வாசலைப் பார்த்து உட்கார்ந்தார்.